அம்மாவின் மஞ்சப்பையும் எடுக்கச் சொன்ன கர்ப்பப்பையும்

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் நீங்கள், பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு 47 வயது. ஒரு வருடமாக ராத்திரியில் குப்பென்று வியர்த்து எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். மாதவிடாய் இரண்டு மாதம் வராமல் இருந்துவிட்டு, வந்தால் பத்து நாள் கட்டி கட்டியாகப் போகிறது. முட்டி, முதுகு, கழுத்து எல்லாம் வலி. எதற்கெடுத்தாலும் எரிச்சல், சில நாள் காரணமில்லாத அழுகை. மூன்று டாக்டரைப் பார்த்ததில் மஞ்சப்பை நிறைய மாத்திரை சேர்ந்துவிட்டது. கடைசியாகப் போன இடத்தில், “கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லிவிட்டார்கள். எடுத்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு எடுக்க வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தருமபுரி மாவட்டத்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்து வருகிறேன். அம்மாவைப் போன்றவர்கள் வாராவாரம் வருகிறார்கள், பெரும்பாலும் அதே பையோடு. அதை மேசையில் கொட்டினால், முட்டிக்கு ஒரு வலி மாத்திரை, அந்த வலி மாத்திரையால் வந்த வயிற்றெரிச்சலுக்கு இன்னொன்று, தூக்கத்துக்கு ஒன்று, படபடப்புக்கு ஒன்று. ஒரே பெண்ணை நாலு பேராகப் பிரித்து வைத்தியம் நடந்திருக்கும். அவர் எத்தனை மணிக்கு எழுகிறார், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த வயதில் வரும் தொல்லைகளுக்கு வைத்தியம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் அனுபவம்.

முதலில் கர்ப்பப்பை. வியர்ப்பதற்கும் தூக்கம் கெடுவதற்கும் அது காரணமே இல்லை. அதற்குக் கட்டளை வருவது இரண்டு பக்கமும் இருக்கும் சினைப்பைகளிலிருந்து. நாற்பதைத் தாண்டியதும் சினைப்பையில் முட்டைகள் குறைய ஆரம்பிக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஒரு மாதம் எகிறுகிறது, அடுத்த மாதம் சரிகிறது. இந்தத் தடுமாற்றக் காலம் சராசரியாக நாலு வருடம், சிலருக்கு எட்டு வருடம்கூட நீளும். தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால்தான் நின்றுவிட்டது என்று சொல்வோம். மேலைநாடுகளில் அது 51 வயதை ஒட்டி வருகிறது, நம் நாட்டில் 46, 47-லேயே வந்துவிடுகிறது. அதனால் அம்மாவுக்கு நடப்பது உரிய வயதில் நடப்பதுதான். 40-க்கு முன்பே நின்றால் அது வேறு கதை. அப்போது கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் உதிரப்போக்கு நிற்கும். சூடும் வியர்வையும் நிற்காது; சினைப்பை ஓரிரு வருடம் முன்னதாகவே ஓய்ந்தும் போகலாம். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், சில வருடங்களில் மெல்ல மெல்ல வர வேண்டியது ஒரே நாளில் வந்து இறங்கும். எலும்புத் தேய்மானமும் இதய நோயும் முன்கூட்டியே வாசலுக்கு வந்துவிடும். முப்பத்தைந்து வயதுகூட ஆகாத பெண்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். “இனிமேட்டு என்னாத்துக்கு அதுன்னு சொன்னாங்கம்மா” என்பார்கள். கேட்கவே மனசு வலிக்கும். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மாநிலங்கள் அதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. நிலைமை அவ்வளவு தூரம் போயிருந்தது.

அதற்காக அந்தப் பத்து நாள் போக்கை, “நிக்கப்போற வயசு, அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடவும் கூடாது. பாட்டிமார் பெரும்பாடு என்று சொன்னது இதைத்தான். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலும், ஏழு நாளைத் தாண்டினாலும், 21 நாளுக்குள் திரும்ப வந்தாலும் பார்த்தே ஆக வேண்டும். வயிற்று ஸ்கேன் எடுத்து, கட்டி இருக்கிறதா, உட்சுவர் தடித்திருக்கிறதா என்று பார்ப்போம். அம்மாவின் வயதில் உட்சுவரிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதும் அவசியம். அதில் புற்றுநோய்க்கான அறிகுறி எதுவும் இல்லையென்றால் வழிகள் நிறைய இருக்கின்றன. போக்கு அதிகமுள்ள நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை ஒன்று. காப்பர்-டி போலவே கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இன்னொன்று. அது வருடக்கணக்கில் வேலை செய்யும், பெரும்பாலோருக்குப் போக்கு வெகுவாகக் குறைந்துவிடும். இவையெல்லாம் பலிக்காதபோது, அல்லது கட்டி பெரிதாக இருக்கும்போது, அறுவையைப் பற்றிப் பேசலாம். அப்போதும் சினைப்பையை எடுக்கத்தான் வேண்டுமா என்று தனியாகக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்றே கிளம்பி வர வேண்டும். அப்படி வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகக்கூடியது அது. “திரும்ப வயசுக்கு வந்துட்டேன்” என்று சிரித்துக்கொண்டே ஆறு மாதம் தள்ளிப்போட்டவர்களை நினைத்தால் இன்றும் தாங்கவில்லை.

இவ்வளவு ரத்தம் போனால் சோகை வராமல் இருக்காது. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. மூச்சு வாங்குவது, படபடப்பு, கால் கனப்பது, எதிலும் மனம் ஒட்டாமல் போவது எல்லாம் சோகையிலும் வரும், தைராய்டு கோளாறிலும் வரும், மாதவிடாய் நிற்கும் காலத்திலும் வரும். ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் மெனோபாஸ் என்று பெயர் வைத்துவிடக் கூடாது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் சோகை, 8-க்குக் கீழே போனால் கடுமையான சோகை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டதும் டீ குடிக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய. டீ அந்த இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் நல்லது. பெண்ணுக்கு 45 வயது தாண்டிவிட்டால், மெனோபாஸ்தானா என்று தெரிந்துகொள்ள ஹார்மோன் பரிசோதனைகளுக்குப் பணம் கட்டத் தேவையே இல்லை. வயதும் மாதக் கணக்கும் போதும்.

இனி அந்த மூட்டு வலி. அம்மா பென்னாகரம் பக்கம் என்று நீங்கள் எழுதியதுமே எனக்கு இதுதான் தோன்றியது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூட்டு வலி வருவது உண்மை. காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாமல் விறைப்பாக இருக்கும் என்று பல பெண்கள் சொல்வார்கள். ஆனால் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் இன்னொரு காரணமும் உண்டு. பாறைக்கடியிலிருந்து வரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது. இங்கே பல ஊர்களில் அதைத் தாண்டியிருந்தது. அதனால்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்தது. 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் தண்ணீர் விட்டார்கள். அந்தத் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. ஃபுளோரைடு அளவுக்கு மீறிச் சேர்ந்து பல்லும் எலும்பும் கெடுவதைத்தான் ஃபுளோரோசிஸ் என்கிறோம். இன்று 47 வயதுக்காரரான உங்கள் அம்மா, குழந்தையாக இருந்தபோதும் உங்களைச் சுமந்தபோதும் குடித்தது பழைய போர் தண்ணீராக இருக்கலாம். எலும்பில் சேர்ந்தது சேர்ந்ததுதான். இப்போதும் குழாய்த் தண்ணீர் வராத நாளில் என்ன குடிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டிலேயே மூன்றைச் செய்து பார்க்கலாம். முட்டியை மடக்காமல் குனிந்து கால் பெருவிரலைத் தொட முடிகிறதா? தாடையை நெஞ்சில் பதிக்க முடிகிறதா? இரண்டு கையையும் தூக்கித் தலைக்குப் பின்னால் கோக்க முடிகிறதா? விறைப்பாகி முடியவில்லை என்றால், பல்லில் பழுப்புக் கறையும் இருந்தால், டாக்டரிடம் ஃபுளோரைடு என்ற சொல்லை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் தெரியும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஃபுளோரைடு சேர்ந்த எலும்பு ஸ்கேனில் அடர்த்தியாகத் தெரியும், ஆனால் உள்ளுக்குள் நொறுங்கும் எலும்பு அது. வெளியூர் லேபில் எடுத்த எலும்பு அடர்த்தி ரிப்போர்ட்டில் நார்மல் என்று இருப்பதை நம்பி இருந்துவிடக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதிக்கலாம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பிடித்து வையுங்கள், மற்ற புழக்கத்துக்குப் போர் தண்ணீர் இருக்கட்டும்.

எலும்பைப் பற்றிப் பேசும்போது ராகியை விட முடியாது. நூறு கிராம் கேழ்வரகு மாவில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் பத்து மில்லிகிராம் தேறுவதே பெரிது. மாதவிடாய் நிற்கும் வயதில் ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் வேண்டும். நம் பாட்டிமார் களி உருண்டையும் கீரைக் கடைசலும் கொள்ளுப் பருப்பும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ரேஷன் அரிசி வந்த பிறகு களி விருந்தாளி ஆகிவிட்டது. 2023-ல் தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ராகியை முளைகட்டி அரைத்தால் கால்சியம் இன்னும் நன்றாகச் சேரும். மோரும் ஒரு டம்ளர் இருக்கட்டும். உளுந்தங்களி நல்ல சாப்பாடு, புரதம் இருக்கிறது, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அது வியர்வையை நிறுத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். டப்பாவில் அடைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாமல் விற்கும் பொடிகளை மட்டும் தொடாதீர்கள். ஈரலைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

“காலைல இருந்து பொழுது சாயற வரைக்கும் களை எடுக்கறன், இன்னும் என்ன உடற்பயிற்சி?” என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. களை எடுப்பது குனிந்த முதுகோடு செய்யும் வேலை. முதுகையும் முட்டியையும் தேய்க்கிறது, தொடையையும் இடுப்பையும் வலுவாக்குவதில்லை. நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, ஒற்றைக் காலில் நிற்பது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் பத்து நிமிடம் போதும். தும்மினால் சிறுநீர் கசிகிறது என்று வெட்கத்தில் சொல்லாமல் இருப்பார்கள். சிறுநீரைப் பாதியில் அடக்குவதுபோல இடுப்பின் அடித்தளத் தசையை ஐந்து எண்ணும் வரை இறுக்கி விடுவதைத் தினம் மூன்று வேளை, பத்துப் பத்து முறை செய்தால் மூன்று மாதத்தில் பலருக்குக் குறையும். சிறுநீர் போகும்போது செய்து பழக வேண்டாம், சும்மா உட்கார்ந்திருக்கும்போது செய்யட்டும்.

அந்தக் குப்பென்ற சூடு எங்கிருந்து வருகிறது? மூளையில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடம் ஒன்று இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அந்த இடம் தொட்டாற்சுருங்கி ஆகிவிடுகிறது. இம்மியளவு சூடு ஏறினாலும் ஏதோ தீப்பிடித்ததுபோல ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்டுகிறது. ஒன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் அடங்கும், பின்னாலேயே குளிரும். அமெரிக்காவில் பல வருடம் பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில் இந்தத் தொல்லை பாதிப் பேருக்கு ஏழு வருடத்துக்கு மேல் நீடித்தது. அதனால் “கொஞ்ச நாள் பொறுத்துக்கோ” என்பது பதில் ஆகாது.

சீசனில் மாங்கூழ் தொழிற்சாலையில் ஆவிக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்களுக்கும், தகரக் கூரைக்குக் கீழே படுக்கும் பெண்களுக்கும் இது இரண்டு மடங்கு வேதனை. பாலியஸ்டர் நைட்டியை மாற்றிப் பருத்தி, தலைமாட்டில் ஒரு ஈரத் துண்டு, மாலை நாலு மணிக்குப் பிறகு டீ வேண்டாம், ராத்திரிச் சாப்பாட்டில் காரம் குறைவு. வீட்டில் இருக்கும் ஒரே ஃபேன் அம்மா பக்கம் திரும்பட்டும். எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைத்தாலும் சூடு குறையும். ஆனால் வியர்வையோடு உடம்பு இளைத்து, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், காசநோயாக இருக்கலாம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு ராத்திரியில் வேர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரை தாழ்ந்துவிட்டதா என்று உடனே பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் அடங்காத சூட்டுக்கு மிக நன்றாகக் கேட்கும் மருந்து ஹார்மோன்தான். அந்தப் பேரைக் கேட்டாலே புற்றுநோய் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்விலிருந்து வந்தது. அதில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு, வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் 30 பேருக்கு வரக்கூடிய மார்பகப் புற்றுநோய் 38 பேருக்கு வந்தது. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. பிறகு நடந்த அலசல்களில், 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் ஆரம்பித்தால் பெரும்பாலான ஆரோக்கியமான பெண்களுக்கு ஆபத்தைவிட நன்மையே கூடுதல் என்று தெளிவானது. எலும்பையும் அது காக்கும். கர்ப்பப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, கூட அந்த இன்னொரு ஹார்மோனும் வேண்டும். இல்லையென்றால் உட்சுவர் தடித்துப் புற்றாகலாம். தோலில் தடவும் ஜெல்லாக எடுத்தால் ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், காலில் ரத்தக்கட்டு வந்தவர்களுக்கும், ஈரல் நோய் உள்ளவர்களுக்கும், காரணம் தெரியாத போக்கு இருப்பவர்களுக்கும் கூடாது. உங்கள் அம்மாவின் போக்குக்குக் காரணம் தெரியும் வரை அவருக்கும் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் மருந்தே அல்ல இது. ஹார்மோன் வேண்டாதவர்களுக்கு, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் குறைந்த அளவில் சூட்டைக் குறைக்கின்றன. அதைக் கொடுத்தால், “எனக்கு என்ன பைத்தியமா?” என்று அம்மா கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

அந்தரங்க வறட்சியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, அம்மாவும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். சூடு நாளாவட்டத்தில் தணியும், வறட்சி தானாகத் தணியாது, வருடம் ஆக ஆகக் கூடும். எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு, கணவரோடு சேரும்போது வலி, அதனால் வரும் மனஸ்தாபம். உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது. ஆரம்பத்தில் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை. ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். டாக்டரிடம் அம்மாவைத் தனியாகப் பேச விட்டு நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள். இன்னொன்றும் அப்போது கேட்டுக்கொள்ளட்டும்: மாதவிடாய் தாறுமாறாக வரும்போதும் கரு தங்கலாம். குடும்பக்கட்டுப்பாடு செய்யாதவர் என்றால், ஐம்பதுக்கு முன் நின்றவருக்கு நின்ற பிறகும் இரண்டு வருடம் பாதுகாப்பு வேண்டும்.

மனசு. ராத்திரி நாலு முறை எழுந்தவர் காலையில் சிரித்த முகமாக இருக்க முடியாது. அதோடு இந்தத் தடுமாற்றக் காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பும் கூடுகிறது, முன்பு பிரசவத்துக்குப் பின் சோர்வு வந்தவர்களுக்கு இன்னும் அதிகமாக. அப்பா பெங்களூரில் கட்டட வேலை, நீங்கள் ஓசூரில், மாமியார் படுக்கையில் என்று எழுதியிருந்தீர்கள். நாற்பத்தேழு வயதில் அந்த வீட்டைத் தனியாகத் தூக்கிச் சுமக்கிறார். குறி கேட்கப் போவதையோ கோயிலுக்குப் போவதையோ நான் தடுக்க மாட்டேன், ஆறுதல் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, “செத்துப்போயிட்டா தேவலாம்” என்ற பேச்சு ஒருமுறை வந்தாலோ அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. அப்பாவிடம் நீங்களே போனில் இதெல்லாம் என்ன என்று விளக்குங்கள். மனைவிக்கு நடப்பது என்னவென்று தெரியாமல் கோபப்படும் ஆண்களில் பலர், தெரிந்ததும் மாறியதைப் பார்த்திருக்கிறேன். பாட்டியின் இயன்முறை சிகிச்சைக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருவார்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அது தொடங்கியது. பாட்டியைப் பார்க்க வருகிறவர்களிடமே அம்மாவுக்கும் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் போன பிறகு இரண்டும் கெட்ட கொழுப்பும் ஏறத் தொடங்கும்.

அம்மாவை அழைத்துக்கொண்டு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வாருங்கள். ஓசூரில் உங்களோடு வைத்துப் பார்ப்பதானால் கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். மகப்பேறு வெளிநோயாளர் பிரிவில், கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை இரண்டையும் அன்றே சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். வருவதற்கு முன் காலண்டரில் அம்மாவையே குறிக்கச் சொல்லுங்கள்: எந்த நாள் போக்கு, எத்தனை நாப்கின், ராத்திரி எத்தனை முறை வியர்த்தது. இரண்டு மாதக் கணக்கு இருந்தால் உங்களுக்குப் பதில் சொல்கிறவருக்குப் பாதி வேலை முடிந்தது. போக்கு அதிகமாக இருந்தால் மட்டும் அந்த இரண்டு மாதத்துக்குக் காத்திருக்காமல் உடனே வந்துவிடுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், பழைய சீட்டு எல்லாவற்றோடும் அந்த மஞ்சப்பையையும் அப்படியே எடுத்து வாருங்கள், ஒரு மாத்திரையையும் தூக்கிப் போடாமல்.